நீல டிரம்மில் நின்ற தண்ணீர்

“பெண் மீனைப் புடிச்சு ஆண்னு எடுத்து வெச்சிருப்ப. அதான் நடந்திருக்கும், வேற ஒண்ணுமில்ல” என்றார் சீனியர் அண்ணா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவர் எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூன்று வருடம் முன்னால் சேர்ந்தவர். நல்ல மனிதர். டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஆனாலும் அன்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மருந்தின் அளவு தப்பு, குளிர்பெட்டியைச் சரியாக மூடவில்லை, குழாய்களை மாற்றி வைத்துவிட்டாய் என்று எதைச் சொல்லியிருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பேன். மீன் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியவில்லை என ஒருவர் என் எதிரிலேயே சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

என் அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அப்பா கடலுக்குப் போகிறார். ஊருக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது என்னைச் சேர்ப்பதற்காகத்தான். அங்கிருந்து கல்லூரி, முதுகலை, பிறகு லாஸ்பேட்டையில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வு என்று வந்திருக்கிறேன். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிடும். மறைக்க மாட்டேன். பள்ளி விடுமுறை நாட்கள் முழுக்க நான் அம்மாவுக்குப் பக்கத்தில் அரிவாள்மனை போட்டு மீன் ஆய்ந்திருக்கிறேன். “செனையோட இருந்தா குடு, இல்லாட்டி வேணாம்” என்று கேட்டு வருபவர்களுக்கு வயிற்றை ஒரு முறை விரலால் அழுத்திப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். சினை இல்லையென்று திரும்பி வந்து சண்டை போட்டவர் ஒருவர்கூடக் கிடையாது.

அன்று திரையில் இருந்தது இதுதான்.

முட்டையின் மஞ்சள் கருவுக்குத் தேவையான ஒரு புரதத்தைப் பெண் மீனின் கல்லீரல் தயாரிக்கிறது. அது ரத்தத்தில் கலந்து சினைக்குப் போய்ச் சேரும். அந்தப் புரதத்தைச் செய்வதற்கான மரபணு ஆண் மீனிடமும் இருக்கிறது. ஆனால் அது சும்மாவே இருக்கும். வேலையைத் தொடங்கச் சொல்லும் பெண் ஹார்மோன் ஆண் மீனின் உடம்பில் அவ்வளவு இல்லாததுதான் காரணம். சில சோப்புத் திரவங்களிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் தண்ணீருக்கு வரும் ரசாயனங்கள் அந்த ஹார்மோனைப் போலவே நடிக்கக் கூடியவை. மீனின் உடம்புக்குள் அவை போனால் கல்லீரல் ஏமாந்துவிடும். வாழ்நாளில் ஒரு முட்டையும் இடப்போகாத ஆண் மீன், முட்டைக்கான புரதத்தைச் செய்ய ஆரம்பித்துவிடும். ஆண் மீனின் கல்லீரலில் அந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தால், அந்தத் தண்ணீரில் ஹார்மோன் வேஷம் போடும் பொருள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நான் பாகூர்ப் பக்கத்துக் குளம் ஒன்றிலிருந்து பதினாறு ஆண் ஜிலேபி மீன்களை வாங்கி வந்தேன். எட்டு மீன்களைச் சாக்கடை கலக்கும் ஒரு வாய்க்காலின் தண்ணீரில் விட்டேன். மீதி எட்டு மீன்களை நல்ல தண்ணீரில் விட்டேன். இரண்டு வாரம் கழித்துக் கல்லீரலை எடுத்து அளந்தேன். மரபணு வேலை செய்தால் கணினித் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். வேலை செய்யாவிட்டால் படுத்தே கிடக்கும். வாய்க்கால் மீன்களின் கோடுகள் ஏறின. அதை எதிர்பார்த்தேன். நல்ல தண்ணீர் மீன்களின் கோடுகள் எட்டும் படுத்திருக்க வேண்டும். ஐந்து கோடுகள் ஏறியிருந்தன.

நல்ல தண்ணீரிலேயே மரபணு விழித்துக்கொண்டால், வாய்க்காலைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் அண்ணா அந்த ஐந்தும் பெண் மீன்களாக இருக்கும் என்றார். அறுக்கும்போது உள்ளே வெள்ளையாக இருந்த விந்துப்பையை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் படம் எடுத்து வைக்கவில்லை. இவ்வளவு தெளிவாகத் தெரிவதை யாராவது படம் எடுப்பார்களா என்று இருந்துவிட்டேன்.

முதல் ஆண்டு ஆய்வுக் குழு கூட இருபது நாள்தான் இருந்தது. குழு ஏற்றுக்கொண்டால் என் பதிவு உறுதியாகும். இல்லையென்றால் அங்கேயே முடிந்துவிடும்.

“அண்ணா, நாளைக்கு இருபது ஜிலேபி வாங்கிட்டு வாங்க. உயிரோட. எது ஆணு, எது பொண்ணுன்னு நான் சொல்றேன். அப்புறம் அறுத்துப் பாப்போம்” என்றேன்.

“சவாலா?”

“சவாலேதான்.”

மறுநாள் சனிக்கிழமை. ஒரு வாளி நிறைய மீன் வாங்கி வந்தார். ஜிலேபியின் அடிவயிற்றில் வால் பக்கமாக ஒரு சின்ன மேடு இருக்கும். ஆணுக்கு அதில் இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. அண்ணா நீலச் சாயத்தைத் தொட்டு வைத்து, பூதக்கண்ணாடி பிடித்து, ஒரு மீனுக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் ஈரத்துணியால் பிடித்துத் திருப்பி, கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் நாலாவது மீனில் இருக்கும்போது நான் இருபதையும் முடித்துவிட்டேன். அறுத்துப் பார்த்தோம். இருபதும் சரி. அண்ணா நான்கில் ஒன்றைத் தவறவிட்டிருந்தார்.

“சரி தாயே, ஒத்துக்கறேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, “ஆனா ஒண்ணு யோசிச்சியா? நான் சொன்னது சரியா இருந்திருந்தா உனக்கு நல்லதா போயிருக்கும்” என்றார்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. மீன்கள் ஆண்கள்தான். அப்படியானால் நல்ல தண்ணீரில் கோடு ஏன் ஏறியது?

அண்ணா ஒரு வழி சொன்னார். “அந்த அஞ்சையும் பெண் மீன், பிரிக்கும்போது தவறு நடந்துடுச்சுன்னு ஒரு வரி எழுது. மீதி மூணை வெச்சுக் காட்டு. குழு கேள்வி கேக்காது. தப்பு நடக்கறது சகஜம்னு அவங்களுக்கும் தெரியும்.”

அந்த வரியை எழுதுவது சுலபம். அன்று சாயங்காலம் இரண்டு முறை கணினியைத் திறந்து அந்த இடத்தில் கையை வைத்தேன். என்னைத் தடுத்தது நேர்மை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் முதலில் தடுத்தது வீம்பு. மீன்காரி மகள் மீனில் ஆண் பெண் தெரியாமல் தவறு செய்தாள் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போடுவதா? மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். முதலியார்பேட்டையில் வழக்கம்போல நெரிசல். சிக்னலில் நிற்கும்போதுகூட அந்த ஐந்து கோடுகள் மனதில் ஏறிக்கொண்டே இருந்தன.

வீட்டில் அம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், “இன்னாடி, மூஞ்சி இப்பிடி தொங்குது? மீனு செத்துப்போச்சா?” என்றாள்.

“மீன் நல்லாதாம்மா இருந்துச்சு. ஆம்பள மீனு முட்டைக்கு வேல செய்ய ஆரம்பிச்சிடுச்சு.”

“ஆம்பளயா? வேல செய்யுதா? அந்த மீனக் கொஞ்சம் உங்கப்பாகிட்ட காட்டு.”

வலை பின்னிக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமல், “எனக்குக் காது கேக்குது” என்றார்.

அம்மாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். எல்லார் வீட்டுப் பரண் மேலும் ஒரு பெரிய அண்டா இருக்கிறது. கல்யாணம் என்றால்தான் அதை இறக்குவோம். கல்யாணமே இல்லாத வீட்டில் ஒருவன் வந்து, உங்கள் வீட்டில்தான் கல்யாணம் என்று தாம்பாளத்தில் பொய்யான பத்திரிகையை வைத்து நீட்டினால்? வீட்டிலிருப்பவர்கள் நம்பி அண்டாவை இறக்கி, அரிசியைக் களைந்து, உலையை ஏற்றிவிடுவார்கள். அந்தப் பொய்ப் பத்திரிகையோடு வந்தவன்தான் தண்ணீரில் இருக்கும் ரசாயனம். ஆண் மீனின் கல்லீரல்தான் ஏமாந்த வீடு.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “சாக்கட தண்ணியில அவன் வருவான். சரி. உன் நல்ல தண்ணிக்குள்ள யாரு அவன உட்டது?”

அதுதான் கேள்வி.

மறுநாள் ஞாயிறு. காலையில் அப்பா சண்டே மார்க்கெட்டுக்குப் போய் வண்டியின் பின்னால் இரண்டு பெரிய நீல டிரம்களைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் இது எல்லார் வீட்டிலும் இருக்கும். ஏதோ ஒரு கம்பெனிக்குச் சரக்கு வந்த டிரம்கள் காலியானதும் சந்தைக்கு வரும். பாதியாக அறுத்தால் மீனும் ஐஸும் போட ஆகும். முழுசாக வைத்தால் தண்ணீர் பிடித்து வைக்கலாம். குழாயில் தண்ணீர் வருவது குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் என்பதால் டிரம் இல்லாத வீடு கிடையாது. இந்த இரண்டும் எதிர்வீட்டு அத்தைக்கும் அவருடைய மருமகளுக்கும் வாங்கியவை.

வாங்கி வந்த டிரம்மை அப்படியே உபயோகிக்க மாட்டார்கள். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கரைக்கு உருட்டிக்கொண்டு போய் மணலும் புளியும் போட்டுத் தேய்ப்பார்கள். கடல் தண்ணீரை ஊற்றி வைத்து மறுநாள் கொட்டுவார்கள். வெயிலில் காய வைத்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார்கள். வாசனை போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். மோந்து பார்ப்பதில் எங்கள் ஆட்களை யாரும் ஏமாற்ற முடியாது. கூடையில் நூறு மீன் இருந்தாலும் கெட்டுப்போகத் தொடங்கிய ஒன்றை அம்மாவின் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

அம்மாவும் அத்தையும் தேய்க்கத் தொடங்கியபோது நானும் போய் நின்றேன். ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் டிரம்மிலிருந்து நுரை பொங்கி வழிந்தது. கொட்டி மறுபடி ஊற்றினால் மறுபடி நுரை. காற்றில் கிளம்பிய நுரைக் கட்டிகள் உருண்டு போய், பக்கத்தில் காயப்போட்டிருந்த நெத்திலி மேல் உட்கார்ந்தன.

“இனிமே சோப்பு வாங்க வேணாம்டீ. ஒரு மாசத்துக்கு இதுலயே துணி தொவைக்கலாம்” என்றாள் அத்தை.

“மொதல்ல உன் புருஷன் சட்டைய போடு. அது வெளுத்துச்சுன்னா நானும் எடுத்தாறேன்” என்றாள் அம்மா.

“அவரு சட்ட வெளுக்கணும்னா இந்த டிரம்மு போதாது. டேங்கர் லாரிதான் வரணும்.”

அவர்கள் சிரித்துக்கொண்டே தேய்த்தார்கள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இதே கடையில் வாங்கிய இதே மாதிரி நீல டிரம் ஒன்று என் ஆய்வகத்தில் இருந்தது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீனை நேராக அதில் விட்டால் செத்துவிடும். ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகுதான் விட வேண்டும். அப்படித் தண்ணீரை நிறுத்தி வைக்க ஆய்வகத்தில் இருந்த பெரிய கண்ணாடித் தொட்டி கீறல் விட்டிருந்தது. புதுசுக்கு எழுதிப் போட்டு இரண்டு மாதம் ஆகியும் வரவில்லை. நான்தான் அப்பாவிடம் சொல்லி ஒரு டிரம் வாங்கி, நன்றாகக் கழுவி, கொண்டுபோய் வைத்தேன். வேலை நிற்காமல் சமாளித்துவிட்டேன் என்று பெருமையாகவும் இருந்தது. வாய்க்கால் தண்ணீர் எடுக்கப் போகும்போது, “பிளாஸ்டிக்ல எடுக்காதே, எவர்சில்வர் கேன்ல எடு” என்று என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் சொல்லியிருந்தார். அதை அப்படியே செய்தேன். சாக்கடைத் தண்ணீரை எவர்சில்வரில் பத்திரமாகக் கொண்டுவந்த நான், நல்ல தண்ணீரைக் கம்பெனி டிரம்மில் ஊற்றி வைத்திருந்தேன். நல்ல தண்ணீர்தானே, அதற்கென்ன என்று நினைத்தேன்.

“ம்மா, எனக்குக் குடுத்த டிரம்முலயும் இப்பிடி நொர வந்துச்சா?”

“வந்துச்சே. நாலு நாளு வந்துக்கினே இருந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. தலைய உட்டு மோந்து பாத்தேன், ஒரு வாசனையும் இல்ல. அப்புறம்தான் உனக்கு அனுப்புனேன்.”

டிரம்மின் பக்கவாட்டில் பாதி கிழிந்த ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் மீதி இருந்த எழுத்துகளை வாசித்தேன். துணி ஆலைகளிலும் தரை கழுவும் திரவங்களிலும் சேர்க்கும் நுரைப் பொருள் அது. அந்த வகைப் பொருள்கள் சிதையும்போது உண்டாகி ஹார்மோன் வேஷம் போடுவதைப் பற்றித்தான் நான் ஒரு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது பிளாஸ்டிக் சுவருக்குள் ஊறியிருந்தால் மணலும் புளியும் அதை எடுக்காது. பிறகு ஊற்றும் ஒவ்வொரு தண்ணீருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். நுரை வராத அளவு, வாசனை தெரியாத அளவு. மீனின் கல்லீரலுக்கு அந்த அளவே போதும். அம்மாவின் மூக்கு எட்டாத இடத்தில் அது கண்டுபிடித்துவிடுகிறது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது.

“நான் வாங்கிக் குடுத்ததுதான் உன் வேலைய கெடுத்துச்சா பாப்பா?”

“இல்லப்பா. நீங்க டிரம்மு வாங்கினீங்க. அதுல தண்ணி ஊத்தி மீனுக்கு வெச்சது நான். மீன் சம்பந்தமா படிச்சவ நான்தானே.”

“நல்லா பாத்துதான் எடுத்தேன். ஓட்டையே இல்லாம எடுத்தேன்.”

“ஓட்டை இல்லப்பா. அதுல ஒரு கொறையும் இல்ல.”

அவர் கொஞ்சம் தெளிந்தார். ஆனால் அன்று முழுக்க எங்கள் வீட்டு டிரம் பக்கம் போகும்போதெல்லாம் அதை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை காலை மேடம் அறைக்குப் போய் நின்றேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஐந்து மீன்களும் ஆண்கள்தான், தப்பு தண்ணீரில், தண்ணீரைக் கெடுத்தது நான் கொண்டுவந்து வைத்த டிரம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

“பிளாஸ்டிக் வேணாம்னு சொன்னேன்ல?”

“வாய்க்கால் தண்ணிக்குச் சொன்னீங்க மேடம். இதுக்கும் சேர்த்துன்னு எனக்குத் தோணல.”

“எனக்கும் உன் டிரம்மைப் பாத்துக் கேக்கத் தோணல. தினமும் அதைத் தாண்டித்தான் போறேன்.” பெருமூச்சு விட்டார். “சரி, மொதல்ல அதை வெளிய தூக்கிப் போடச் சொல்லு.”

“வேணாம் மேடம். அதுதான் இப்ப எனக்கு வேணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். குழு கூடுவதற்குப் பதினேழு நாள் இருந்தது. மீனைத் தண்ணீரில் வைக்கப் பதினாலு நாள். அளந்து முடிக்க இரண்டு நாள். ஒரு நாள் மிச்சம். மேடம் தன் அறையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த கண்ணாடித் தொட்டியிலிருந்து கூழாங்கற்களை அவரே எடுத்து வெளியே வைத்தார். மற்ற தொட்டிகளைப் பக்கத்துத் துறையில் கெஞ்சி வாங்கி வந்தேன்.

மூன்று வகையாகப் பிரித்தேன். ஒன்றில் கண்ணாடியில் நின்ற குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் டிரம்மில் நின்ற குழாய்த் தண்ணீர். மூன்றாவதில் வாய்க்கால் தண்ணீர். வகைக்கு எட்டு ஆண் மீன்களை நான் பிரித்தேன். அண்ணா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். இந்த முறை அவர் நீலச் சாயத்தைத் தொடவில்லை. “நீ சொல்லு, நான் எழுதறேன்” என்று நோட்டை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பதினாலு நாளும் நான் சந்தோஷமாகவே இருந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அப்படித்தான் இருந்தேன். என்ன கேட்கிறோம் என்பது தெளிவாக இருந்தது. காலையில் தண்ணீர் மாற்றுவேன், தீனி போடுவேன், வெப்பத்தைக் குறித்து வைப்பேன். டிரம் தண்ணீரில் இருந்த ஒரு பெரிய ஆண் மீன் என்னைப் பார்த்ததும் மேலே வந்து வாயைத் திறக்கும். மரபணு என்ன செய்துகொண்டிருந்தாலும் அதன் பசியில் குறையில்லை.

பதினைந்தாம் நாள் அறுத்தோம். வெள்ளை விந்துப்பைகளை ஒவ்வொன்றாக மேடமே கண்ணாடி போட்டுப் பார்த்தார். அன்றும் மறுநாளும் அளந்தோம். இயந்திரம் ஓடி முடியும் நேரத்தில் நான் திரைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தேன். அண்ணாதான் பார்த்தார்.

“வாய்க்கால், ஏறியிருக்கு. டிரம்மு, ஏறியிருக்கு. எல்லாமே.”

“கண்ணாடி?”

“திரும்பிப் பாரேன்.”

திரும்பினேன். கண்ணாடித் தண்ணீர் மீன்களின் கோடுகள் எட்டும் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. தரையில் கிடக்கும் நூல் மாதிரி. என் வாழ்க்கையில் ஒன்றும் நடக்காததைப் பார்த்து அவ்வளவு மகிழ்ச்சி அடைந்தது அந்த ஒரு முறைதான். அண்ணா மேசையைத் தட்டினார். மேடம், “படத்தை நாலு இடத்துல சேமிச்சு வை” என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். போகும்போது அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்ததை நானும் அண்ணாவும் பார்த்தோம்.

குழுவில் மூன்று பேர். நான் வாய்க்காலில் தொடங்கவில்லை. முதல் படமாகக் கெட்டுப்போன அந்த முதல் முடிவைத்தான் போட்டேன். இது என் தவறு, இந்த டிரம்மால் நடந்தது, இதை இப்படிச் சோதித்தேன், இப்போது தெரிவது இது என்று வரிசையாகச் சொன்னேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த வயதான பேராசிரியர், “ஆய்வகத்துக்கு எதுக்கும்மா வீட்டுலேர்ந்து டிரம் கொண்டாந்தீங்க?” என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. புரியாமல்தான் கேட்டார்.

“எங்க வீட்ல நல்ல தண்ணி அதுலதான் சார் இருக்கும்” என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே கேட்டது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க தெருவுல எத்தனை வீட்டுல?” என்றார்.

“எல்லா வீட்லயும் சார்.”

பதிவு உறுதியானது. அந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்ல நேராகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைக்காமலே பக்கத்துக் கடைக்காரியிடம், “எம்பொண்ணு பாஸாயிட்டா” என்று உரக்கச் சொன்னாள். பாஸ் இல்லை, பதிவு என்று நான் திருத்தவில்லை. பாஸ்தான்.

அன்றே வீட்டில் குடிக்கிற தண்ணீரை எவர்சில்வர் குடங்களுக்கு மாற்றினோம். அப்பாவே டிரம்மைக் கவிழ்த்தார். ஆனால் தெருவுக்கு நான் என்ன சொல்வது? எந்த டிரம்மில் என்ன சரக்கு வந்ததென்று யாருக்கும் தெரியாது. எண்ணெய் வந்த டிரம்மும் இருக்கும், பழக்கூழ் வந்த டிரம்மும் இருக்கும். புது டிரம்மும் பத்து வருட டிரம்மும் ஒன்றாக இருக்காது. மீனுக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்குமென்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லிப் பயமுறுத்த எனக்கு மனமில்லை. தெரிந்துகொள்வதற்கு வழி மட்டும் இருந்தது.

பெரிய பெரிய கண்ணாடி பாட்டில்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டு அத்தை வாசலிலேயே மறித்தாள்.

“எங்கூட்டு டிரம்மு கெட்டதுன்னு வந்துச்சுன்னா இன்னா பண்ணுவ?”

“மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன் அத்த. வேற யாருகிட்டயும் உங்க வீட்டு பேரச் சொல்ல மாட்டேன்.”

“நல்லதுன்னு வந்துச்சுன்னா?”

“அதையும் உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவேன்.”

“அத மட்டும் தெருவு முழுக்கச் சொல்லிடு” என்று வழி விட்டாள்.

பதினொரு வீடுகளில் தண்ணீர் எடுத்தேன். பாட்டில்களில் பேர் எழுதவில்லை, எண் மட்டும் போட்டேன். எந்த எண் யார் வீடு என்கிற சீட்டு மேடத்தின் அலமாரியில் பூட்டியிருக்கிறது. மேடம் எப்படியோ பேசி இன்னும் சில கண்ணாடித் தொட்டிகளை வரவழைத்துவிட்டார். இன்று காலை பாகூரிலிருந்து வந்த ஆண் மீன்களை நான் பிரித்தெடுத்தேன், அண்ணா படம் எடுத்தார். பதினொரு தொட்டிகளிலும், கண்ணாடியில் நின்ற தண்ணீர் இருக்கும் பன்னிரண்டாவதிலும் மீன்களை விட்டுவிட்டேன். எந்தக் கோடு ஏறும், எது படுத்திருக்கும் என்று பதினாலு நாள் கழித்துத்தான் தெரியும்.